பக்கத்தூட்டுக்காரர் பேரென்ன, கண்ணு?

கண்ணு, ஞாயித்துக்கிழமை நீ லீட்ஸிலிருந்து பேசினப்போ நான் ‘ம்’ கொட்டிக்கிட்டே இருந்தேன். “கேக்குதுங்களா அப்புச்சி”ன்னு நாலு தடவை கேட்டே. நெம்ப நல்லாக் கேட்டுச்சு சாமி. ஒரு மணி நேரத்துல நீ சொன்ன குறையை விரல் விட்டு எண்ணினேன். ரெண்டு கை விரலும் தீர்ந்து கால் விரலுக்குப் போயிட்டேன். குளிரு, மழை, வாடகை, ரயிலு, விசா, டிவி பார்க்கக் காசு, சோத்துல உப்பில்லை, தையில நாலு மணிக்கே பொழுது போயிருச்சு, பக்கத்தூட்டுக் கெழவன் ஏதோ செகப்புத் தண்டைக் கட்டி வாசல்ல வெச்சுட்டுப் போறான், கை விரலெல்லாம் மரத்துப் போகுது.

உங்கம்மா என் பக்கத்துல உக்காந்து கண்ணைத் தொடச்சுக்கிட்டா. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். கெழவன் சிரிச்சா பேரனுக்குக் கோவம் வரும், மகளுக்கு அதைவிடக் கோவம் வரும். ராத்திரிச் சோத்துக்கு ரசம் வராது.

இன்னைக்கு உங்கம்மா ராசிபுரம் போயிருக்கா. ஜவ்வரிசி மில்லுல வேலை செய்யற வடக்கத்தி ஆளோட பையன் போனைப் புடிச்சுக்கிட்டு நிக்கறான். நான் பேசப் பேச அது பதிவாகி உனக்கு வந்துருமாம். நடுவுல நீ குறுக்கே பேச முடியாதாம். இந்த ஏற்பாடு எனக்கு நெம்பப் புடிச்சிருக்குது.

மொதல்ல குளிரு. முள்ளுக்குறிச்சியில, கொல்லிமலைக் காலடியில பொறந்தவன் நீ. மார்கழியில மலைமேலிருந்து மேகம் இறங்கி நம்ம கூரையைத் தொடறப்போ கோணிச்சாக்கைப் போத்திக்கிட்டு மாட்டுக்குத் தட்டு போட்டவன். இங்கிருந்து கெளம்பறப்போ நல்ல கம்பளியா ஒண்ணு வாங்கிக்கடான்னேன். போட்டோவுல எடுப்பா இருக்காதுன்னு மெல்லிசா ஒரு கோட்டு வாங்கினே. இப்பக் குளிருதுங்கறே. வேசகாலத்துல ஒருத்தன் கோட்டு மாட்டிக்கிட்டு நம்ம காட்டுல வந்து நின்னு வேர்க்குதே வேர்க்குதேன்னா நாம என்ன சொல்லுவோம்? கழட்டுடா மொதல்லன்னு சொல்லமாட்டமா? நீ மாட்டுடா மொதல்ல. அதுக்கப்பறம் சீமையைத் திட்டிக்கலாம்.

அப்பறம் அந்தக் கடியாரக் கதை. மார்ச் மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை முள்ளை ஒரு மணி நேரம் முன்னால தள்ளுறாங்க, அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை பின்னால இழுக்கறாங்க. அதனாலதான் நமக்கும் உனக்கும் வேசகாலத்துல நாலரை மணி, குளிர்காலத்துல அஞ்சரை மணி வித்தியாசம். இது தெரியாம உங்கம்மா ஒரு மாசம் உன்னை வேலை நேரத்துலயே கூப்பிட்டா. இந்த ரோசனையைச் சொன்னவரு வில்லியம் வில்லெட்டுன்னு வீடு கட்டற தொழில்காரராம். வெள்ளனே குதிரைமேல போறப்போ, பொழுது வெளுத்தும் ஊரே சன்னலைச் சாத்திக்கிட்டுத் தூங்குதேன்னு மனசு பொறுக்காம 1907ல புத்தகமே போட்டுட்டாராம். 1916ல, சண்டைக் காலத்துல, சட்டமாச்சு. அதைப் பார்க்க அவருக்குக் குடுத்து வெக்கலை, முந்தின வருசமே போயிட்டாரு. ஊரை வெள்ளனே எழுப்ப நாம சேவல் வளத்தோம். அவங்க பார்லிமென்டைக் கூட்டியிருக்காங்க. சேவலு அடிச்சுத் தின்னவாவது ஆகும். அதுசரி, அவங்கவங்க ஊருக்கு அவங்கவங்க சேவலு.

ரயிலைப் பத்தி நீ பேசினப்போதான் சிரிப்பை அடக்க முடியாம இருமற மாதிரி நடிச்சேன். ஐப்பசியில எலை விழுந்து ரயிலு லேட்டாயிருச்சுன்னே. எலை! நம்ம மலையில காரவள்ளிப் பக்கம் எழுபது கொண்டை ஊசி வளைவு. பாறை உருண்டு கெடந்தாலும் டிரைவரு ஒதுங்கி ஓட்டி சோளக்காடு சேர்த்துடறாரு. அங்க எலைக்கு ரயிலு நிக்குதாம். எகத்தாளமா இதை டீக்கடையில சொன்னேன். ரிட்டயரான வாத்தியாரு ஒருத்தரு விளக்கம் சொல்லி என் வாயை அடைச்சுட்டாரு. உதிர்ந்த எலையைச் சக்கரம் நசுக்கி நசுக்கி தண்டவாளத்துமேல வழவழன்னு பாசி மாதிரி ஒரு பூச்சு ஏறிடுமாம். சக்கரம் வழுக்கும், பிரேக்கு புடிக்காது. அதனால மெதுவா விடறாங்க, தண்ணியைப் பீச்சி தண்டவாளத்தைக் கழுவறதுக்குன்னே தனி ரயிலு ஓட்டறாங்க. வாழைப்பழத் தோலை மிதிச்சவனுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

இன்னொண்ணையும் நெனச்சுக்கோ. ரயிலுங்கறதை இந்தப் பக்கம் கொண்டாந்தவனே வெள்ளைக்காரன்தான். 1856லயே ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு ஓட்டிட்டான். ஆனா சேலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல் வழியா கரூருக்கு ரயிலு வந்தது 2013ல. வெள்ளைக்காரன் போயி அறுபத்தாறு வருசம் ஆனப்பறம். அவ்வளவு லேட்டா வந்த ரயிலையே நாங்க மாலை போட்டு வரவேத்தோம். நீ பதினஞ்சு நிமிசத்துக்கு அழுவறே.

வரிசையில நிக்கறது சலிப்பா இருக்குதுன்னு வேற சொன்னே. ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுல சன்னல் வழியாத் துண்டு போட்டு சீட்டுப் புடிச்ச பரம்பரைடா நாம. துண்டு போட்டவனுக்கும் ஏறி உக்காந்தவனுக்கும் மங்களபுரம் வரைக்கும் பஞ்சாயத்து நடக்கும். எண்பது வயசுல எனக்கு யாராவது வரிசையில எடம் குடுத்தா அந்த ஊர்லயே செத்துப்போகலாம்னு இருக்குது. உனக்குச் சலிப்பா இருக்குது.

சரி, அரசியலு. “இங்க கவர்மென்டே சரியில்லீங்க அப்புச்சி”ன்னே. எந்த ஊர்லடா சரியா இருந்துச்சு? 2016லிருந்து 2024க்குள்ள ஆறு பிரதமரு. கேமரூன், தெரேசா மே, ஜான்சன், லிஸ் டிரஸ், ரிஷி சுனக், ஸ்டார்மர். எங்க டீக்கடைப் பெஞ்சுல உக்கார்ற ஆளு மாறலை, அங்க நாட்டை ஆள்ற ஆளு மாறிக்கிட்டே இருந்தாங்க. 2022ல அந்த லிஸ் டிரஸ் அம்மா நாற்காலியில தாங்குமா, ஒரு கீரை வாடாமத் தாங்குமான்னு டெய்லி ஸ்டார் பத்திரிகைக்காரன் லெட்டூஸ் கீரைக்கு டோப்பா மாட்டி, கண்ணு ஒட்டி, கேமரா முன்னால வெச்சான். கீரை ஜெயிச்சுருச்சு. மொத்தம் 49 நாளு. நம்ம தோட்டத்துல தண்டுக்கீரை விதைச்சா அறுப்பு முடியறதுக்கு அவ்வளவுதான் ஆகும். ஒரு ஆட்சியைக் கீரை கணக்குல அளந்த நாடு அது ஒண்ணுதான் இருக்கும்.

ஆனா இதைக் கவனிச்சியா? ஆள்ற அம்மாவைக் கீரையோட சேர்த்துவெச்சு ஊரே சிரிச்சுது. சிரிச்சவன் வீட்டுக் கதவை ராத்திரி யாரும் தட்டலை. அதுக்காகவே அந்த ஊரு மழையில இன்னும் ரெண்டு நாள் நனையலாம்.

2024 ஜூலைத் தேர்தலைப் பத்திக் கேட்டேன், ஞாபகம் இருக்குதா? லண்டன்ல ஸ்ட்ராட்ஃபோர்டு அண்ட் போ தொகுதியில உமா குமரன்னு ஒரு பொண்ணு ஜெயிச்சு, அவங்க பார்லிமென்டுக்குப் போன முதல் தமிழ் எம்பி ஆச்சு. இலங்கைச் சண்டைக்குத் தப்பிச்சுப் போன குடும்பம். நானே டீக்கடையில நாலு பேருக்குப் படிச்சுக் காட்டினேன். உன் தொகுதியில யாருடா நின்னாங்கன்னு உன்னைக் கேட்டா, “தெரியலீங்க, எனக்கென்ன ஓட்டா இருக்குது”ன்னே. இருக்குதுடா மக்கு. இந்தியப் பாஸ்போர்ட்டு வெச்சிருந்தாலும் காமன்வெல்த்து நாட்டுக்காரன் விசாவோட அங்க குடியிருந்தா பேரைப் பதிஞ்சு ஓட்டுப் போடலாம். முள்ளுக்குறிச்சியில உக்காந்திருக்கற எனக்குத் தெரியுது. கவர்மென்டு சரியில்லைன்னு திட்டத் தெரிஞ்சவனுக்கு, அதை மாத்தற சீட்டு தன் பையிலயே இருக்கறது தெரியலை.

டிவிக்கு வருசக் காசு கட்டணும்னு பொருமினே. 2025ல 174 பவுண்டு 50 பென்சு, நம்ம காசுக்கு இருபதாயிரத்தை ஒட்டி. நியாயமாப் பார்த்தா எனக்கே வயிறு எரிஞ்சுது. 2006ல ஆட்சிக்கு வந்த கலைஞரு டிவிப் பொட்டியையே சும்மாக் குடுத்தாரு. அங்க பார்க்கறதுக்குக் காசாம். ஆனா பொட்டியைச் சும்மா வாங்கின நாம கேபிள்காரனுக்கு மாசாமாசம் அழுதோமே, அதை நீ கணக்குல சேர்க்கலை. அந்தக் காசுலதான் பிபிசி ஓடுதுன்னு வாத்தியாரு சொன்னாரு. அந்த பிபிசியிலதான் தமிழோசைன்னு சிற்றலை ரேடியோ வந்துச்சு. இலங்கையில சண்டை நடந்த காலத்துல, ராத்திரி அதைக் கேட்டாத்தான் நடந்தது நடந்தபடி தெரியும்னு எத்தனை ஊடு காதைத் தீட்டிக்கிட்டு இருந்துச்சு. யாரோ ஒரு வெள்ளைக்காரக் கெழவி கட்டின வரிக் காசுல நாம செய்தி கேட்டோம். இப்ப நீ கட்டு. கடன் தீரட்டும்.

விசாக் கதைக்கு மட்டும் நான் சிரிக்கலை. கட்டுச்சோத்து மூட்டையை அவுக்கறதுக்குள்ள சட்டத்தை மாத்திடறாங்க. 2025 மே மாசம் அரசாங்கம் வெச்ச அறிக்கையில, நெரந்தரமாத் தங்கறதுக்கு அஞ்சு வருசம்ங்கறதைப் பத்தா ஆக்கணும்னு இருந்துச்சு. ஜூலை 22லிருந்து, வயசானவங்களைப் பார்த்துக்கற வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதுசா ஆள் எடுக்கறதையே நிறுத்திட்டாங்க. மத்த வேலைக்கு விசா வேணும்னா பொதுவாச் சம்பளம் வருசத்துக்கு 41,700 பவுண்டு இருக்கணும்னுட்டாங்க. அவங்க நாடு, அவங்க கதவு. சாத்தறதும் தெறக்கறதும் அவங்க இஷ்டம்தான். ஆனா கொரோனாவுல ஊரே கதவைச் சாத்திக்கிட்டப்போ அவங்க கெழங்கட்டைகளைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டினவங்கள்ல எத்தனை பேரு வெளியூரு ஆளுங்கன்னு அந்தக் கதவுக்கே தெரியும்.

உன் கூட்டாளி ஒருத்தன் ஏஜென்ட்டை நம்பி அப்பன் நெலத்தை அடமானம் வெச்சுப் போயி, அங்க வேலையே இல்லாம நின்னானே, அவனுக்கு எங்க மலைக் கதையைச் சொல்லியிருக்கணும். கொல்லிமலையில ஒரு பாவை இருக்கறதாக் கதை. பார்த்தவனைப் பார்த்துச் சிரிக்கும். சிரிப்புல மயங்கிக் கிட்டப் போனவன் திரும்ப மாட்டான். ஏஜென்ட்டு ஆபீஸுக்குள்ள போனதும் காபி குடுத்துச் சிரிச்சானாம். அப்பவே எந்திரிச்சு வந்திருக்க வேண்டாமா? நம்ம பாவையாவது அட்வான்ஸ் கேக்காது.

இனிமே கொஞ்சம் நிமிந்து உக்காந்து கேளு.

2024 ஆகஸ்டு மாசம் ஒரு ராத்திரி நீ பயந்துக்கிட்டுப் பேசினே. சவுத்போர்ட்டுங்கற ஊர்ல ஜூலை 29ஆம் தேதி டான்ஸ் வகுப்புல புகுந்து ஒருத்தன் மூணு பச்சைப்புள்ளைங்களைக் குத்திக் கொன்னான். கொன்னவன் அடைக்கலம் தேடிப் படகுல வந்தவன்னு எவனோ ஒரு புரளியைக் கெளப்பிவிட, அடுத்த நாளே அந்த ஊரு மசூதிமேல கல்லு விழுந்துச்சு. அப்பறம் ஊரூராத் தீ. வந்தேறிங்க தங்கின ஓட்டலுக்குத் தீ வெச்சாங்க. “வெளிய போகவே பயமா இருக்குதுங்க”ன்னே. கதவைச் சாத்திக்கிட்டு இருடா சாமின்னேன். வேற என்ன சொல்லுவேன், அஞ்சாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு?

ஆனா அப்பறம் நடந்ததை நீ சொல்லலை, பேப்பர்லதான் படிச்சேன். கல்லு விழுந்த மறுநாள் காலையில, அந்த ஊரு ஜனமே வெளக்குமாறு, கரணை, சிமெண்டோட வந்து மசூதிச் சுவரை எடுத்துக் கட்டிக் குடுத்துச்சு. கூலி கேக்கலை. ஆகஸ்டு 7ஆம் தேதி, மறுபடியும் கலவரம் வரும்னு கடையெல்லாம் சாத்தியிருந்த நேரத்துல, லண்டன், பிரிஸ்டல், பிரைட்டன்னு பல ஊர்ல ஆயிரக்கணக்கான ஜனம் தெருவுல எறங்கி, வந்தவங்களை வாழவிடுன்னு பலகை புடிச்சு நின்னுச்சு. அடிக்க வர்றதாச் சொன்னவனைப் பல எடத்துல காணவே காணோம்.

அன்னைக்கு உன்னை நான் ஒண்ணு கேட்டேன். “உன் பக்கத்தூட்டுக்காரர் பேரென்ன கண்ணு? ஒரு ஆத்திர அவசரம்னா அவரு கதவைத்தானே தட்டணும்?” நீ கொஞ்ச நேரம் பேசலை. அப்பறம், “தெரியலீங்க அப்புச்சி. இங்கெல்லாம் யாரும் யாரோடயும் பேசமாட்டாங்க”ன்னே. நீ குடிபோயி ஒரு வருசம் ஆகியிருந்துச்சு. அவரு உன்னோட பேசலைங்கறே. நீ அவரோட ரெண்டு நாயம் பேசினியா? ரெண்டு பேரும் அவன் வரட்டும் அவன் வரட்டும்னு நின்னா, நடுவுல இருக்கற வேலிதான் வளரும்.

நம்ம ஊருக்கு அங்கிருந்து வந்தவங்க கதையைக் கேளு. 1792ல திப்புகிட்ட இருந்து சேலம் சீமை கம்பெனி கைக்குப் போச்சு. அலெக்சாண்டர் ரீடுன்னு ஒரு பட்டாளத்துக்காரரு வந்து நிர்வாகம் பார்த்தாரு. அவருகிட்ட உதவிக்கு இருந்தவருதான் தாமஸ் மன்றோ. காடு தோட்டத்தை அளந்தாங்க, வரி போட்டாங்க, கணக்கெழுதினாங்க, போனாங்க. மன்றோவுக்கு மெட்ராஸ்ல சிலை இருக்குது, குதிரைமேல உக்காந்தபடி.

அப்பறம் இன்னொருத்தரு வந்தாரு. ஜெஸ்ஸி பிராண்டு. பொழைப்புக்கு வீடு கட்டற வேலை. லண்டன்ல ஒரு வருசம் வைத்தியம் படிச்சுட்டு, 1913ல கல்யாணம் ஆன கையோட பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு நம்ம கொல்லிமலை ஏறி, வாழவந்தியில குடிசை போட்டாரு. அந்தம்மா எவலின், லண்டன்ல வசதியான வீட்டுல வளந்தவங்க, படம் வரையறவங்க. அப்ப ரோடு ஏது, எழுபது வளைவு ஏது? மலைக் காய்ச்சல் காடு அது. கீழ இருக்கறவன் ஏறவே பயப்படுவான். மதம் பரப்பத்தான் வந்தாங்க, அதை மறைக்கலை. மலை ஜனம் அவங்க சாமியைச் சுலபத்துல ஏத்துக்கலை, ஆனா அவங்க மருந்தை வாங்கிக்குச்சு. நரம்புச் சிலந்தியைப் புண்ணுக்குள்ள இருந்து குச்சியில சுத்திச் சுத்தி இழுத்துப்போட வேண்டிய காலம் அது. பல்லு வலியிலிருந்து காய்ச்சல் வரைக்கும் அவரு வாசல்லதான். 1929ல அந்தக் காய்ச்சலே அவரைக் கொண்டுபோச்சு. அந்தம்மா சீமைக்குப் போயிட்டுத் திரும்பி வந்து, வேலை ஓய்வுக்கு அப்பறமும் எறங்காம, மட்டக்குதிரை ஏறி மலை மலையாச் சுத்துச்சு. 1974ல, தொண்ணூத்தஞ்சு வயசுல போனப்போ, புருசன் பக்கத்துலயே பொதைச்சாங்க. அவங்களுக்குக் குதிரைமேல சிலை இல்லை. நம்ம மலை மண்ணுல ஆறடி இருக்குது.

கடல் தாண்டி வந்த மரத்துலயும் இதே ரெண்டு ஜாதி. சீமைக் கருவேலம்னு ஒண்ணு வந்துச்சு. தண்ணியைக் குடிச்சு, பக்கத்துல ஒரு பயிரை வளரவிடாம, முள்ளைப் போட்டுக்கிட்டு ஊரையே புடிச்சுக்குச்சு. மலைமேல சில்வர் ஓக்குன்னு ஒண்ணு நிக்குது பாரு, அதுவும் நம்மூரு மரம் இல்லை, ஆஸ்திரேலியாச் சரக்கு. ஆனா நேரா நிக்குது, காப்பிக்கு நெழலு குடுக்குது, நம்ம மொளகுக் கொடியைத் தோள்மேல ஏத்திக்குது. யாராவது அதை அந்நியன்னு வெட்டறாங்களா? நீ போன ஊர்ல எந்த மரமா நிக்கப்போறேன்னு யோசி. வாடகை கட்டிக்கிட்டுச் சம்பாரிச்சுட்டு வந்தாப் போதும்னா, ரீடு துரை மாதிரி கணக்கெழுதிட்டு வா. தப்புன்னு சொல்லமாட்டேன். ஆனா அந்த ஊரு என்னை ஒரம்பரை மாதிரி கவனிக்கலைன்னு அப்பறம் அழாதே.

விரலு மரத்துப் போகுதுன்னியே, அதுக்கும் வைத்தியம் இந்த மலைக் கதையிலயே இருக்குது. பிராண்டு தம்பதிக்கு 1914ல ஒரு பையன் பொறந்தான், பால் பிராண்டுன்னு பேரு. நம்ம மலையில மரத்துமேலயே வளந்த பையன். ஒம்பது வயசுல படிக்கறதுக்கு லண்டனுக்கு அனுப்பினாங்க. நீ போறப்போ உனக்கு இருபத்திமூணு, ஏர்போர்ட்டுல அழுதே. அவனுக்குப் பதினஞ்சு வயசு முடியறதுக்குள்ள அப்பன் செத்த தந்தி வந்துச்சு. அதுக்கப்பறமும் வாரக்கணக்கா அப்பன் எழுதின கடுதாசி கப்பல்ல வந்துக்கிட்டே இருந்துச்சாம். இப்ப நான் பேசினா அடுத்த நிமிசம் உனக்குக் கேக்குது. நீ என்ன பேசறே? “அப்பறம்ங்க அப்புச்சி”, “வேறென்னங்க அப்புச்சி”.

அந்தப் பையன் டாக்டராகி, 1946ல வேலூரு சிஎம்சிக்கு வந்தாரு. குஷ்டரோகிங்க கைவிரலு மடங்கிப்போனதை, வேற எடத்துத் தசைநாரை மாத்திக் கட்டி நிமித்தினாரு. அதைவிடப் பெரிசா ஒண்ணு கண்டுபுடிச்சுச் சொன்னாரு. அந்த நோயில விரலு தானா அழுகி விழறதில்லை. வலி தெரியாமப் போயிருது. வலி தெரியாததால நெருப்பைத் தொடுவான், ஆணியை மிதிப்பான், ராத்திரி எலி கடிச்சாலும் தூங்குவான். அப்படித்தான் விரலு போகுது. எலிக்கு அவரு சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? ஊட்டுக்குப் போற நோயாளிக்கு ஆளுக்கொரு பூனை. வலிங்கறது யாருக்கும் வேண்டாத வரம்னு புத்தகமே எழுதினாரு.

இதுல உனக்கு என்ன சேதின்னா, ஊரு ஞாபகம் வந்து நெஞ்சு வலிக்குதுன்னா நல்லதுடா. நரம்பு உசிரோட இருக்குது. அதுக்கு மருந்து தேடாதே. பக்கத்தூட்டுல ஒரு மனுசன் இருக்கறது ரெண்டரை வருசமா உறைக்கலை பாரு, அதுதான் மரத்துப்போனது. அதுக்கு மட்டும் பூனை வாங்கி வெச்சுக்கோ.

நீ அடுக்கின குறையில ஒண்ணு குறையே இல்லை கண்ணு. செகப்புத் தண்டைக் கட்டி வாசல்ல வெச்சுட்டுப் போனாருன்னியே, அது என்னன்னு வாத்தியாருகிட்டக் கேட்டேன். ரூபார்ப்பாம். உங்க லீட்ஸைச் சுத்தி, வேக்ஃபீல்டு, மோர்லி, ராத்வெல் பக்கமெல்லாம் அதுதான் பேர்போன பயிராம். குளிர்காலத்துல இருட்டுக் கொட்டகைக்குள்ள வெளிச்சமே படாம வளத்து, மெழுகுவத்தி வெளிச்சத்துல அறுக்கறாங்களாம். வெளிச்சம் பட்டா தண்டு முத்திரும். மாசி மாசத்துல அதைக் கொண்டாந்து வெச்சார்னா, அவரு தொட்டியைக் கவுத்து மூடி, பொத்திப் பொத்தி வளத்த மொத அறுப்பு அது. நம்ம ஊர்ல மொத மாங்காயை யாருக்குக் குடுப்போம்? நீ அதைக் குப்பையில போட்டே.

அவருக்கு நெலம் எங்கேன்னு கேட்டதுக்கு, கவுன்சிலு வாடகைக்கு விடற துண்டு நெலம்னு சொன்னே. 1908லயே அதுக்குச் சட்டம் இருக்குதாம், ஜனங்க கேட்டா உள்ளூரு நிர்வாகம் குடுக்கணும்னு. ஒரு முழுத் துண்டு 250 சதுர மீட்டரு. கணக்குப் போட்டேன், ஆறே சென்டு! அந்த ஆறு சென்டுக்கு வருசக்கணக்கா வரிசையில நிக்கறாங்களாம். இங்க மூணு ஏக்கராத் தோட்டத்தை நான் ஒண்டியா மேச்சுக்கிட்டுக் கெடக்கறேன். சட்டையில மண்ணு படும்னு ஓடினவன் பேரன். அந்த ஊருக்காரன் காசு குடுத்து மண்ணுல எறங்கறான். கடவுளுக்கும் லொள்ளு இருக்குதுடா.

அதனால இப்படிச் செய். அடுத்த தடவை தண்டு வந்தா கழுவி நறுக்கு. எலை விசமாம், அதைத் தொடாதே. அதுல அதிசயம் ஒண்ணுமில்லை, நம்ம குச்சிக்கிழங்குலயும் கசப்பு ரகத்தை மாடு பச்சையாத் தின்னா சாகும். பக்குவம் தெரிஞ்சவனுக்குத்தான் அது சோறு. தண்டு புளிக்கும்னாங்க. புளிச்சா என்ன, துவரம்பருப்பு போட்டு, புளிச்சகீரை கடையற மாதிரி, வரமொளகாயைக் கிள்ளிப்போட்டுக் கடைஞ்சு பாரு. சக்கரை போட்டு வேகவெச்சுத் திங்கறது அவங்க பக்குவம், கடையறது நம்ம பக்குவம்.

வெறும் ஏனத்தைத் திருப்பிக் குடுக்கறது நம்ம வழக்கம் இல்லை. உங்கம்மா போன தடவை அனுப்பின ஜவ்வரிசி இருக்குதில்ல, பாயசம் வெச்சுக் கொண்டுபோ. அவரு சிரிச்சாலும் சிரிப்பாரு. அவரு வயசு ஆளுங்களுக்குப் பள்ளிக்கூடத்துல பாலுல வேகவெச்ச ஜவ்வரிசி போடுவாங்களாம். புள்ளைங்க அதுக்குத் தவளை முட்டைன்னு பேரு வெச்சிருந்துச்சாம். கோவிச்சுக்காதே. ஜப்பான்காரன் மலேயாவைப் புடிச்சு அந்தப் பக்கத்து ஜவ்வரிசி நின்னுபோனப்பறம்தான், 1943ல, சேலத்துல நம்ம கெழங்குல ஜவ்வரிசி செய்யவே தொடங்கினாங்கன்னு சொல்லு. மில்லுல எப்படி அரைக்கறாங்க, எப்படி உருட்டறாங்க, வெய்யில்ல எப்படிக் காயப்போடறாங்கன்னு சொல்லு. ஒரு மணி நேரம் ஓடிரும். கெளம்பறப்போ பேரைக் கேளு. கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு. என் நாக்குல அந்தப் பேரு நிக்காது, பரவாயில்லை, உன் நாக்குல நின்னாப் போதும். அதுவரைக்கும் குளிரு கதையெல்லாம் உங்கம்மாளோட வெச்சுக்கோ.

சரி, வெக்கறேன். நெம்ப நேரமா இந்தப் பையன் கையைத் தூக்கிக்கிட்டே நிக்கறான். மில்லைப் பத்திச் சொன்னப்போ சிரிச்சான், அவங்கப்பன் அங்கதானே பாடுபடறான். பாவம், ரெண்டு வருசமா நம்ம தோட்டத்துக்குப் பக்கத்துச் சாளையிலதான் குடியிருக்குதுங்க. தண்ணிக்கு நம்ம கெணத்துக்குத்தான் வருவான். நல்ல பையன். தமிழு நம்மளைவிடச் சுத்தமாப் பேசறான். நாங்கெல்லாம் இவனை வடக்கத்திப் பையான்னுதான்...

இருடா, இரு. அதை அமுக்காதே, நிறுத்தாதே. என்ன பார்க்கறே? இப்படி வந்து கட்டல்ல உக்காரு.

உம் பேரென்ன, சாமி?